மையவாடி வேலியில் ஒரு வளைவு

பாலையடிச் சந்தியில் யாராவது கண்ணை மூடினால் சனம் முதலில் தேடுவது வீரையாவைத்தான். ஓடி வந்தவனிடம் செத்தது யார், என்ன வருத்தம் என்றெல்லாம் வீரையா கேட்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"தலை எந்தப் பக்கம்?"

அந்த ஒரு பதிலில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். சைவக்காரருக்குத் தலை தெற்கே. முஸ்லிம்களுக்குத் தலை வடக்கே இருக்க, முகத்தை மேற்கே திருப்பி வைக்க வேண்டும். வேதக்காரருக்குக் கால் நடுச் சிலுவையைப் பார்க்க வேண்டும். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைக்கு வடிகான் வெட்டிப் பழகிய கை அது. எழுபத்தேழுக் கலவரத்தில் மனைவி சிவலட்சுமியையும் ஒரு துணிமூட்டையையும் கொண்டு வன்னிக்கு வந்தவன், மூன்று மதத்துக்கும் குழி வெட்டுகிறவனாக அந்த ஊரில் வேர்விட்டான்.

வவுனியாவிலிருந்து மேற்கே போகிற றோட்டில், குளக்கட்டுக்குக் கீழே, மூன்று இடுகாடுகளும் ஒரே காணி போல ஒட்டிக் கிடந்தன. றோட்டோரம் வேதக்காரரின் சேமக்காலை. நடுவில் சைவச் சுடலை. மேட்டுப் பக்கமாக முஸ்லிம்களின் மையவாடி. மூன்றுக்கும் படலை ஒன்று, கிணறு ஒன்று, மண்வெட்டியும் அலவாங்கும் வைக்கிற கொட்டில் ஒன்று. கிணறு இறைக்கிற முறை ஒரு வருடம் பிள்ளையார் கோயிலுக்கு, மறு வருடம் தேவாலயத்துக்கு, அதற்கடுத்த வருடம் பள்ளிவாசலுக்கு. ஒரே நாளில் இரண்டு சாவு வந்தால், படலைக்கு முதலில் வந்தவருக்கு முதல் வழி. இடையிலிருக்கிற கம்பிவேலி அறுந்தால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்துதான் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தார் தனியே வேலியில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டதில்லை. ஆனாலும் பிசகியதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் சைக்கிள் கடை அஸ்மினின் தாய் ஸுஹறா உம்மா மௌத்தானார். நோன்பு மாதம் முழுக்கச் சிவலட்சுமிக்கென்று ஒரு செம்பில் கஞ்சி கொடுத்தனுப்புகிற மனுசி. வீரையா வெட்டிய குழியில் மனம் நிறையாமல் அடியை இன்னொரு தரம் செதுக்கிச் சமப்படுத்தினான். அடக்கம் முடிந்ததும் அடையாளத்துக்குத் தலைமாட்டில் ஒரு கிளுவைத் தடியைக் குத்தினார்கள். மீசான் கல் பிறகு நடலாம் என்று பேச்சு. ஆணுக்கு இரண்டு கல், பெண்ணுக்கு மூன்று கல் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம்.

இரண்டாம் நாள் காலையில் ஆயுதம் தாங்கிய இயக்கத்தின் அறிவித்தல் வந்தது. முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் மத்தியானத்துக்கு முதல் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும்.

ஊரே கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அஸ்மின் மாத்திரம் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கோடு மையவாடிப் பக்கம் மிதித்து வந்தான். படலையடியில் சைக்கிள் சரிந்தது. சாக்கிலிருந்த மூன்று கருங்கற்களும் உருண்டன. ஒன்றின் மூலை உடைந்து போயிற்று.

"அண்ணை, இது உம்மாட மீசான் கல்லு. நட்டு விடுறீங்களா? எனக்கு நேரமில்லை."

"நட்டு வைக்கிறேன் தம்பி. நீங்க பத்திரமா போயிட்டு வாங்க."

பள்ளிவாசல் தருமகர்த்தா சரீப் கடைசியாக வந்தார். இறந்தவரின் மையத்தைச் சுமக்கிற சந்தூக்குப் பெட்டி கொட்டிலுக்குள் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கறையான் பார்த்துக்கொள், வீரையா," என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே வீரையா கல்லை நட்டிருக்கலாம். மண்வெட்டியையும் எடுத்தான். பிறகு யோசித்தான். அந்தக் கல்லை நடும்போது ஏதாவது ஓதுவார்கள். என்ன ஓதுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஓதாமல் நட்டால் அந்த மனுசிக்குக் குற்றமாகிவிடுமோ? பத்து நாளில் வந்துவிடுவார்கள் தானே, அவர்களே ஓதி நடட்டும். கற்களைக் கழுவிக் கொட்டிலில் வைத்தான். சொன்ன சொல்லைச் செய்யவில்லையே என்ற உறுத்தலுக்கு, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கிளுவைத் தடிக்கு ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான்.

பத்து நாள் எட்டு வருடமாயிற்று. தடி மரமாயிற்று.

அந்த வருடங்களில் மையவாடியைக் காப்பது லேசுப்பட்ட வேலையாக இருக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்த சனம் முகாம்களில் நெருக்குப்பட்டது. சும்மா கிடக்கிற மேட்டுக் காணியைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? கொட்டில் போட வந்தவர்களையும் மாடு கட்ட வந்தவர்களையும் வீரையா ஒரே வார்த்தையால் மறித்தான்: "அவுங்க வருவாங்க."

பிள்ளையார் கோயில் தருமகர்த்தா நடராசா செத்துப்போன தன் மைத்துனரைத் தாட்க அந்த மேட்டில் இடம் கேட்டபோதும் அதே பதில்தான்.

"நீ எப்ப தொப்பி போட்டனி, வீரையா?" என்று நடராசா சீறினார்.

"மண்வெட்டி பிடிக்கிறவனுக்குத் தொப்பி எதுக்குங்க? வெயிலுக்குத் தலப்பா போதும். ஆனா இது அவுங்க எடம்."

அப்படிச் சொன்ன வாய்க்கே ஒரு நாள் வந்தது. தொண்ணூற்றாறு மார்கழி மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. சுடலை முழங்காலளவு தண்ணீர். சேமக்காலையிலும் சிலுவையின் அடிக்கட்டு தெரியவில்லை. அந்தக் கிழமையில்தான் சிவலட்சுமிக்கு மலேரியா தலைக்கு ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மூன்றாம் நாள் விடிய அவள் போய்விட்டாள்.

ஊருக்கே குழி வெட்டியவன், தன் மனைவிக்குச் சுடலையில் மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தான். மூன்றிலும் நீர் ஊறியது. எரிக்க விறகில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் சேற்றுக்குள் குந்தியிருந்ததைப் பார்த்தது நடராசாதான். மைத்துனருக்கு இடம் மறுத்தவனை அன்றைக்குக் குத்திக் காட்டியிருக்கலாம். அவர் சேலையால் மூடிய சிவலட்சுமியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

"எழும்பு, வீரையா. கிழவி எண்டாலும் குமர் எண்டாலும் தண்ணிக்குள்ள விடேலாது. அந்த மேட்டில தாட்பம். அவையள் வந்தா நான் கதைக்கிறன்."

வெள்ளத்துக்குள் சுமக்க வேறு வழியில்லாமல் சந்தூக்கைத்தான் எடுத்தார்கள். பாலை மரத்தடியில், வேலியிலிருந்து நாலு யார் தூரம் தள்ளி, தலை தெற்கே வைத்து அவளை அடக்கினார்கள். ஆனால் தண்ணீர் வற்றியதும் வீரையாவுக்குப் பயம் பிடித்தது. காவல்காரனே தன் ஆளைத் தாட்டுவிட்டான் என்று கண்டால் நாளைக்கு முகாமே இங்கே வராதா? அந்த நினைப்பில் அவன் செய்த காரியம்தான் பின்னால் அவன் கழுத்தைப் பிடித்தது. கொட்டிலில் கிடந்த மூன்று மீசான் கற்களையும் கொண்டுவந்து சிவலட்சுமியின் மேல் நட்டான். பார்க்கிறவர்களுக்கு அது பழைய முஸ்லிம் கபுறுகளில் ஒன்று.

அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது. சிவலட்சுமிக்கு ஒரு விளக்கு ஏற்ற முடியாது. கற்பூரம் கொளுத்த முடியாது. பூ வைத்தால்கூட யாராவது கேட்பார்கள். கிளுவைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற சாட்டில் ஒரு கை தண்ணீரை அவள் பக்கமும் தெளித்துவிட்டு வருவான்.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் பதின்மூன்று முஸ்லிம் குடும்பங்கள் பாலையடிக்குத் திரும்பி வந்தன.

லொறியிலிருந்து இறங்கிய சரீப்பின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. பள்ளிவாசலின் கூரை எங்கே, கடைகளின் கதவுகள் எங்கே என்று தேடி அலுத்த மனுசர், கொட்டிலுக்குள் சந்தூக்கைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"கறையான் ஒரு இடத்திலயும் கடிக்கேல்லையே!"

"வருசத்துக்கு ரெண்டு தரம் வேப்பெண்ணெ பூசினேனுங்க, சரீப் நானா."

"நாங்கள் வருவம் எண்டு நினைச்சியோ?"

"நெனைக்காமலா எண்ணெ பூசுவாங்க?"

சரீப் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வீரையாவின் கண் மையவாடிப் பக்கம் போனது. அங்கே அஸ்மின் சைக்கிளை உருட்டியபடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

பொட்டல் காணியில் பாலை மரத்தை விட்டால் நிழலுக்கு நின்றது ஒரு கிளுவை மரம். அஸ்மின் கொண்டுவந்த சைக்கிளை அதில் சாத்தினான். நாலு எட்டுத் தள்ளிப் பாலை மரத்தடியில் மூன்று கற்கள். நடுக்கல்லின் மூலை உடைந்திருந்தது. அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"உம்மா..."

முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, குழந்தை மாதிரித் தேம்பினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வடக்குப் பக்கமாக, தலைமாடு என்று நினைத்து நின்று இரண்டு கையையும் ஏந்தினான்.

அது சிவலட்சுமியின் கால்மாடு.

வீரையா வாயைத் திறந்தான். அதற்குள் அஸ்மின் வந்து அவனைக் கட்டிப் பிடித்துவிட்டான்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டீங்கள், அண்ணை. புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள எட்டு வருசம். மழைக்கு ஒழுகேக்கையெல்லாம் ஒரு நினைப்புத்தான்... எல்லாம் போயிட்டுது, ஆனா உம்மாட தலைமாட்டில கல்லு நிக்குது. அதை நினைச்சுத்தான் படுக்கிறனான்."

திறந்த வாயை வீரையா மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையிலும் அஸ்மின் வந்தான். அதற்கடுத்த நாளும். சைக்கிளைக் கிளுவையில் சாத்துவான். கல்லடியில் நின்று யாஸீன் ஓதுவான். அவன் தாய் படுத்திருப்பது அந்தக் கிளுவையடியில் என்று தெரிந்த ஒரே ஆள் வீரையா. ஒவ்வொரு தரமும் சைக்கிள் மரத்தில் மோதுகிற சத்தம் அவன் நெஞ்சில் விழுந்தது.

"தம்பி, சைக்கிள அங்க சாத்தாதீங்க."

"ஏன் அண்ணை?"

"கெளுவப் பிசினு... ஹாண்டில்ல ஒட்டிக்கும்."

"சைக்கிள் கடைக்காரனுக்கே சொல்லித் தாறீங்கள்," என்று அஸ்மின் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் வீரையாவைச் சாப்பிடக் கூப்பிட்டான். அஸ்மினின் மனைவி நஃப்லா கோழியும் சோறும் வைத்து, "உங்களுக்கெண்டு தனிச் சட்டியில சமைச்சனான், பயப்பிடாமல் சாப்பிடுங்கோ," என்றாள். பிறகு மையவாடியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெண்கள் அங்கே போவதில்லை. மாமியின் கபுறு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

"பொட்டல்தான்," என்றான் அஸ்மின். "பாலையை விட்டா, பக்கத்தில ஒரு கிளுவை மாத்திரம் தழைச்சு நிக்குது. நல்ல குளிர்ச்சி."

"பொட்டலில கிளுவைத் தடி தானாத் தழைக்குமோ? ஆரோ தண்ணி ஊத்தியிருக்கினம்."

வீரையாவுக்குப் புரையேறியது. நஃப்லா தண்ணீர்க் கோப்பையை நகர்த்தினாள்.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய எல்லாரும் மையவாடிக்கு வருவம்," என்றான் அஸ்மின். "உம்மாட பேர் வெட்டின கல்லொண்டு வவுனியாவில செய்விச்சிருக்கிறன். அதை நட்டுப்போட்டு, எல்லாருக்கும் முன்னால உங்களுக்கு நன்றி சொல்லோணும்."

வீரையா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான். இதுவரை ஊமைக் கல்தான். இனி அவன் சிவலட்சுமியின் மேல் இன்னொருத்தியின் பெயர் நிற்கும். ஸுஹறா உம்மாவோ பெயரில்லாமல் சைக்கிளுக்குக் கீழே.

நேரே நடராசாவின் வீட்டுக்குப் போனான். நடராசா கதிரையில் சாய்ந்திருந்து முழுவதையும் கேட்டார்.

"வாயை மூடிக்கொண்டிரு, வீரையா. இதில ஆருக்கு நட்டம்? அந்தப் பெடியனுக்குத் தாய் கிடைச்சிட்டுது. உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உன்ர மனுசிக்கு ஒரு பிள்ளை கிடைச்சிருக்கு. விடிய விடிய வந்து அழுது ஓதுறான். எந்தப் பெத்த பிள்ளை இப்பிடிச் செய்யுது?"

அந்தச் சொல் வீரையாவை ஒரு கணம் ஆட்டியது. சிவலட்சுமி பிள்ளைக்காக ஏறாத கோயிலில்லை.

"சொன்னால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சியோ?" நடராசா குரலைத் தாழ்த்தினார். "தங்கட இடத்தில வேற ஆள் எண்டு கிண்டச் சொல்லுவினம். ஒண்டேகால் வருசம் போன குழியைக் கிண்டினால் எப்பிடியிருக்கும் எண்டு உனக்கு நான் சொல்லோணுமே?"

சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் அது அவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை. வெள்ளைத் தொப்பிகளோடு இருபது பேர் வரை மையவாடிக்குள் வந்தார்கள். பெயர் வெட்டிய கல்லை இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். சைவப் பக்கத்திலிருந்து நடராசாவும், சேமக்காலைப் பக்கத்திலிருந்து மூப்பர் யேசுதாசனும் மரியாதைக்கு வந்து வேலியோரம் நின்றார்கள். நடராசா வீரையாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம்.

அஸ்மின் அலவாங்கை எடுத்தான். வடக்குப் பக்கத்தில், சிவலட்சுமியின் காலுக்கு நேரே, நிலத்தில் குத்த ஓங்கினான்.

"நிறுத்துங்க தம்பி!"

வீரையாவுக்கே அது தன் குரல் என்று தெரியவில்லை.

"அது தலைமாடு இல்ல."

சரீப் சிரித்தார். "என்ன வீரையா, உனக்கே திசை மாறிப் போச்சோ? வடக்குத்தானே தலை?"

"இந்தக் குழிக்குத் தலை தெக்கேங்க, நானா."

அலவாங்கு அந்தரத்தில் நின்றது. இருபது பேரும் அந்த ஊரில் பிறந்தவர்கள். தலை தெற்கே என்றால் என்ன என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீரையா எல்லாவற்றையும் சொன்னான். மழையைச் சொன்னான், ஊறிய மூன்று குழிகளைச் சொன்னான், சந்தூக்கை எடுத்ததைச் சொன்னான்.

"மேல இருக்கிறது உங்க கல்லு. கீழ இருக்கிறது எம் பொஞ்சாதி. கல்லத் திருடுனதும் நான், எடத்தத் திருடுனதும் நான். ஒங்க உம்மா அந்தா, கெளுவைக்குக் கீழ இருக்காங்க. அந்தத் தடிதான் மரமாயிருச்சு."

அஸ்மின் திரும்பிப் பார்த்தான். கிளுவையில் அவனுடைய சைக்கிள் சாய்ந்து நின்றது. பாய்ந்து போய் அதைத் தூக்கி அப்பால் எறிந்தான். மணி ஒரு தரம் ணங் என்றது.

"பதினொரு நாள்! பதினொரு நாளா உம்மாவுக்கு மேல சைக்கிளைச் சாத்திப்போட்டு, உங்கட மனுசிக்கோ நான் ஓதினனான்? நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டீங்கள்!"

வீரையா தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் தாட்கச் சொன்னனான்," என்று வேலியோரத்திலிருந்து நடராசா குரல் கொடுத்தார். சொன்னபடியே கதைக்கத்தான் வந்தார்; ஆனால் அஸ்மின் கேட்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விட்டான்.

சரீப் பெயர்க் கல்லைக் கொட்டிலில் வைக்கச் சொன்னார். "நாளைக்குக் காலமை மூண்டு பகுதியும் இஞ்ச கூடுவம்," என்றார். அவர் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வீரையா குளித்து, தோய்த்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். கிண்டத்தான் வேண்டுமென்றால் வேறு கையை விடுவதில்லை, தானே கிண்டுவது என்று முடிவு கட்டியிருந்தான். மண்வெட்டியைப் பாலை மரத்தில் சாத்தினான்.

சரீப், நடராசா, யேசுதாசன் மூவரும் வேலியடியில் குந்தினார்கள்.

"பள்ளிக் காணி அல்லாட பேரில இருக்கிற காணி," என்று சரீப் தொடங்கினார். "அதில ஒரு சாண்கூட எழுதிக் குடுக்க எனக்கு உரிமை இல்லை."

"தெரியுங்க," என்றான் வீரையா.

"அடக்கின மையத்தைக் கிண்டவும் எனக்கு உரிமை இல்லை. ஆருடைய மையமாயிருந்தாலும்."

"அப்ப என்னதான் செய்யிறது?" என்று நடராசா கையை விரித்தார். "காணியும் குடுக்கேலாது, கிண்டவும் ஏலாது. இது வில்லங்கமான நீதியாக் கிடக்கு!"

படலை கிறீச்சிட்டது. அஸ்மின் வந்துகொண்டிருந்தான். சைக்கிள் இல்லை. தோளில் அலவாங்கு. வீரையா எழுந்து மரத்தடிக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"தம்பி, நீங்க வேணாம். கிண்டுறதுன்னா நானே..."

அஸ்மின் அவனைக் கடந்து போனான். கபுறையும் கடந்தான். நேரே வேலிக்குப் போய், ஒரு கட்டையின் அடியில் அலவாங்கை விட்டு நெம்பினான்.

"நடராசா ஐயா, என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள்? வேலியில ஒரு பக்கத்தார் தனியாக் கை வைக்கக்கூடாது. வந்து கம்பியைப் பிடியுங்கோ."

முதலில் விளங்கிக்கொண்டவர் சரீப். தாடியைத் தடவிக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

"காணி உறுதிப் பத்திரத்தில கோடு நேராத்தான் கிடக்கும். காணி என்றைக்கும் பள்ளிக் காணிதான். ஆனா வேலி எந்தப் பக்கத்தால போகோணும் எண்டு உறுதியில எழுதிக் கிடக்கேல்லை."

நடராசா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். யேசுதாசன் கூடக் கம்பியைப் பிடித்தார். ஐந்து கட்டைகளைப் பிடுங்கி, பாலை மரத்தைச் சுற்றி, சிவலட்சுமியின் கபுறு சைவப் பக்கத்தில் விழும்படி மறுபடி நட்டார்கள். வீரையா யாரோ நீட்டிய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வேலை முடிந்ததும் யேசுதாசன் தள்ளி நின்று பார்த்தார். "பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரியெல்லோ கிடக்கு, வேலி!"

எல்லோரும் சிரித்தார்கள். வீரையா அந்த வளைவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அஸ்மின் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றான்.

"நேற்று வீட்டை போய்க் கத்தினனான், அண்ணை. கள்ளன், காவாலி எண்டெல்லாம் சொன்னனான். நஃப்லா கடைசியா ஒரு கேள்வி கேட்டா. கல்லு நடாத மனுசன், எட்டு வருசம் ஆருக்கும் தெரியாமல் அந்தத் தடிக்குத் தண்ணி ஊத்தினது என்னத்துக்கு எண்டு." அவன் கிளுவையைப் பார்த்தான். "நான் புத்தளத்திலயிருந்து கல்லைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உம்மாவுக்கு நிழல் குடுத்தது நீங்கள்."

"தம்பி... அந்தப் பதினொரு நாள் ஓதுனது..."

"அது அவாவுக்கே இருக்கட்டும். குடுத்த சாமானைத் திருப்பி வாங்கிற வழக்கம் எங்கட கடையிலயும் இல்லை."

வீரையா மூன்று கற்களையும் தானே பிடுங்கினான். கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவினான். கிளுவையடிக்குக் கொண்டுவந்து, தலைமாட்டுக் குழியை அளந்து வெட்டினான். பிறகு தயங்கிச் சரீப்பைப் பார்த்தான்.

"நானா, நீங்க ஓதுங்க. ஓதுனதுக்கப்புறம் நான் கல்ல எறக்குறேன்."

"என்னத்தை ஓத?"

"கல்லு நடுறப்ப ஓதுறத. அது தெரியாமத்தானுங்க, அன்னிக்கு நான் நடாம வச்சேன்."

சரீப் அவனையே பார்த்தார்.

"வீரையா, கல்லு நட ஒண்டும் ஓதத் தேவையில்லையடாப்பா. அன்றைக்கே சும்மா நட்டிருக்கலாம்!"

அஸ்மின்தான் வெடித்துச் சிரித்தான். சிரித்துச் சிரித்து, சால்வையால் கண்ணைத் துடைத்தான். வீரையாவும் சிரித்தான், அவனுக்கும் துடைக்க வேண்டியிருந்தது. எட்டு வருடத் தண்ணீரும் ஓர் அறியாமைக்குத்தான் ஊற்றப்பட்டது. ஆனால் அந்த அறியாமை இல்லாவிட்டால் அங்கே மரம் ஏது?

மூன்று கற்களும் நின்றன. பெயர்க் கல்லும் ஏறியது. சரீப் கையேந்தினார், பின்னால் மற்றவர்களும் ஏந்தினார்கள். வீரையா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய் நின்றான். அந்த மனுசி கொடுத்தனுப்பிய கஞ்சிச் செம்பின் சூடு உள்ளங்கையில் இருக்கிற மாதிரி இருந்தது.

எல்லோரும் போகத் தொடங்கியபோது, அவன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சிட்டி விளக்கை எடுத்தான். கிண்ட வேண்டி வந்தால் கடைசியாக ஒரு தரம் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்திருந்தான். வளைந்த வேலிக்குள்ளே, சைவப் பக்கமாக நின்று, சிவலட்சுமியின் தலைமாட்டில், தெற்கே, விளக்கை வைத்தான். எண்ணெய் விட்டான். திரி போட்டான். முதல் நெருப்புக் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

மையவாடிப் பக்கத்தில் படலையை நோக்கிப் போன அஸ்மின் நின்றான். திரும்பி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் குந்தினான்.

"காத்து எங்கட பக்கத்தாலதான் வருது, அண்ணை. நான் மறைக்கிறன். கொளுத்துங்கோ."

மூன்றாவது குச்சி பற்றியது. ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு சிவலட்சுமியின் தலைமாட்டில் சுடர் ஆடி, நிமிர்ந்து, நின்றது. வீரையா கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிடுகிறான் என்று அவன் யோசிக்கவில்லை.

அஸ்மின் எழும்பவில்லை. எண்ணெய் முடியும்வரை அங்கேயே குந்தியிருந்தான்.